இரண்டாவது கோடு

எனக்குச் சுத்தம் முக்கியம். சிலர் அதை ஒரு வியாதி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியை ஒரு முறை எட்டிப் பார்த்தால் ஏன் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த மேசையைக்கூட நான் வருவதற்கு முன் யாராவது துடைத்திருக்கலாம். பரவாயில்லை, ஸ்டேஷனில் இதற்கெல்லாம் ஆள் கிடைக்காது. கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

காலையில் வந்த அதிகாரி சத்தம் போட்டார். நீங்கள் அப்படி இல்லை, மேடம். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. என் ஓரகத்தி கொடுத்த புகாரை நீங்கள் படித்திருப்பீர்கள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். அதுதான் அவளிடம் இருக்கும் பெரிய குறை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பேன், எடுத்ததைப் பார்ப்பேன். நரம்பே அகப்படாத கிழவர்களும், ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைகளும் என்னிடம்தான் வருவார்கள். என் கை பட்டால் வலிக்காது என்று பேர். வீட்டில் நான் மூத்த மருமகள். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எனக்குக் குழந்தை இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் காரணத்தை அங்கேதான் தேடுவார்கள்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி அவள் வந்தாள். நாங்கள் அவளைச் சின்னவள் என்போம். சிரித்தால் தெருவுக்கே கேட்கும். யார் டம்ளர் கையில் கிடைத்தாலும் எடுத்துக் குடிப்பாள். சீப்பில் சிக்கிய முடியை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போவாள். அவள் வந்த பிறகு வீடு கலகலப்பாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன்னால் வீடு எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. குட்டி என்று கூப்பிட்டோம். வீட்டில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாதவர் கிடையாது.

குட்டிக்கு இரண்டரை வயதிருக்கும்போது சின்னவள் வேலை செய்த துணிக்கடையில் யாருக்கோ ஆபரேஷன். உடனே இவள் ரத்தம் கொடுக்கப் போய்விட்டாள். புண்ணியம் தேடுவதில் அவளுக்கு எப்போதும் ஒரு அவசரம் உண்டு. இரண்டு நாளில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் ரத்தம் ஆகாது, ஈரல் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றார்கள். அவளுக்கு ஹெபடைடிஸ் சி.

ஈரல் டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். இது ரத்தத்தில் இருக்கும் கிருமி என்றார். ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பல வருஷம் எந்த அறிகுறியும் காட்டாது, கவனிக்காமல் விட்டால் ஈரலைச் சுருக்கிக் கல்லாக்கிவிடும். ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, முத்தம் கொடுத்தாலோ, இருமினாலோ பரவாது. குழந்தை அம்மாவோடு படுத்துக்கொள்ளலாம். ரேசர், பல் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். பன்னிரண்டு வாரம் மாத்திரை போட்டால் அநேகமாக எல்லோருக்கும் முழுசாகக் குணமாகிவிடும் என்றார். எப்படி வந்திருக்கும் என்றும் கேட்டார். பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள் என்று நான் சொன்னேன். ஏற்றினார்கள்தான். அவர் தலையாட்டிவிட்டு, வீட்டில் விஷயம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தோன்றிய வரிசையில் சொன்னேன், அவ்வளவுதான். ஈரல் என்றேன், கிருமி என்றேன், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றேன். எப்படிப் பரவாது என்பதற்கு வருவதற்குள் என் வீட்டுக்காரர், "அப்போ தட்டைத் தனியா வச்சிருவோமா?" என்று கேட்டுவிட்டார். யோசனை அவருடையது. நான் கடைக்குப் போய் ஒரு தட்டும் டம்ளரும் வாங்கி வந்து, அடியில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வழக்கம்போல ஒரே ரேசரில் முகம் மழித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. துணி துவைக்கும் மெஷின் இருந்த பின்னறையைக் காலி செய்து அவளுக்குக் கட்டில் போட்டோம். நல்ல காற்று வரும் அறை அது. கடை வேலையை விடச் சொன்னேன், விட்டாள். எதிர்வீட்டு டீச்சர் ஒரு டசன் முகக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ரத்தத்தில் வரும் நோய்க்கு மூக்கை மூடுவானேன் என்று அவளும் யோசிக்கவில்லை, வாங்கி மாட்டிக்கொண்ட எங்கள் வீட்டு ஆண்களும் யோசிக்கவில்லை. கொழுந்தன் கூடத்தில் படுக்க ஆரம்பித்தான். குட்டி என்னோடு படுத்தாள்.

முதலில் சில நாள் பின்னறைக் கதவைத் தட்டி அழுதது. குழந்தைகள் அழுவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். அம்மாவைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நான் என்ன அரக்கியா? போகலாம், பேசலாம், வரும்போது கை கழுவ வேண்டும் என்றுதான் பழக்கினேன்.

"அம்மாவைத் தொட்டா என்ன செய்யணும்?"

"சோப்புப் போடணும் பெரியம்மா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

அவ்வளவு சின்ன வயதில் அவ்வளவு தெளிவாகச் சொல்வாள். கேட்க ஆசையாக இருக்கும்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். சின்னவளுக்கு ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் அது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். மாத்திரை முடிந்து, அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரத்தில் டாக்டரே என்னைக் கூப்பிட்டார். ரத்தத்தில் கிருமி சுத்தமாக இல்லை, குணமாகிவிட்டது, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலமே சொல்லத்தான் இருந்தேன். குட்டி என் மடியில் தூங்கிவிட்டாள். எழுந்தால் விழித்துக்கொள்வாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எனக்கு வேலை அதிகம். நல்ல செய்தியை ஒரு நாள் தள்ளிச் சொல்லலாம், தப்பில்லை. ஒரு வாரம் தள்ளினால் ஏன் தள்ளினாய் என்று கேட்பார்கள். ஒரு மாதம் தள்ளிவிட்டால் பிறகு எங்கே சொல்வது?

அவள்தான் ஆரம்பித்தாள். அறை வாசலில் நின்றுகொண்டு, "டாக்டர் ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்று கேட்டாள். டாக்டர் எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு பட்டை எடுத்து வந்தேன். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் பட்டை அது. முதல் கோடு பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு. இரண்டாவது கோடு இந்தக் கிருமியோடு உடம்பு சண்டை போட்டிருக்கிறது என்பதற்கு. சண்டை முடிந்து கிருமி போய்விட்டாலும் அந்தக் கோடு போகாது. திருடன் ஊரைவிட்டுப் போன பிறகும் தெருமுனையில் நிற்கும் காவல்காரன் மாதிரி, ஆயுசு முழுக்க அப்படியே இருக்கும். கிருமி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேறு பரிசோதனை உண்டு. டாக்டர் செய்தது அதைத்தான்.

இதையெல்லாம் அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள், "இருக்காக்கா?" என்று மட்டும்தான் கேட்டாள். நான் பட்டையை அவள் பக்கம் திருப்பினேன். இரண்டு கோடு இருந்தது. அவளே பார்த்துக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்போம். ஒவ்வொரு முறையும் புது ஊசியால்தான் குத்தினேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் இரண்டு கோடு. முதல் வருஷம் அழுதாள். அடுத்த வருஷம், "கொஞ்சம் மங்கலா இருக்குற மாதிரி இல்ல?" என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்கடுத்த வருஷம் பார்த்துவிட்டுப் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, எனக்கு டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாருக்கும் எதுவும் செய்து தரும் பழக்கத்தை அவள் அப்போதே விட்டிருந்தாள். சிரிப்புச் சத்தமும் நின்றுவிட்டது. நான் அவள் நம்பிக்கையைக் கெடுக்கவே இல்லை, மேடம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

கொழுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயந்த சுபாவம். பகலில் அவள் டம்ளர் இருந்த திசையில்கூடக் கை நீட்ட மாட்டான். சில ராத்திரிகளில் மட்டும் அந்தப் பயம் எங்கே போகுமோ தெரியாது. அப்படித்தான் அவளுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது.

என்னிடம்தான் முதலில் சொன்னாள். மருந்துக்கடையில் வாங்கிய, கர்ப்பம் பார்க்கும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் முகத்தில் பழைய சின்னவள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். பிறகு தயங்கிக்கொண்டே, எதற்கும் அந்த நோய்க்கான பட்டையையும் ஒரு முறை பார்த்துவிடலாமா என்று அவளாகவே கேட்டாள். பார்த்தோம். அதிலும் இரண்டு கோடு.

"இதுக்கும் வந்துருமாக்கா?"

இந்தக் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகலாம் என்றேன். படித்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அது உண்மை. கிருமி இருந்தால் போகலாம். அதுவும் நூறில் நாலைந்து பேருக்குத்தான். ஆனால் அவள் அந்தக் கணக்கெல்லாம் கேட்கவில்லை.

"நான் ஒருத்தி படுறது போதும்க்கா. இன்னொண்ணு இந்த ரூமுக்குள்ள வந்து பொறக்க வேணாம்," என்றாள்.

முடிவு அவளுடையது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அவள் புருஷன் வரவில்லை, அவனுக்கு ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. தோளில் கை வைக்கப் போனேன். "படாதீங்கக்கா," என்று ஓரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அந்த அளவுக்கு மற்றவர்கள் மேல் அக்கறை உள்ள பெண் அவள்.

அந்தக் குழந்தையைக் கலைத்ததை நான் ஏன் தடுக்கவில்லை என்று காலையில் வந்தவர் கத்தினார். அது பிறந்திருந்தால் டாக்டர்கள் அவள் ரத்தத்தைச் சரியாகப் பார்த்திருப்பார்கள், விஷயம் வெளியே வந்திருக்கும். அதோடு எனக்கு ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தது. ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று குட்டியின் ரத்தத்தை மட்டும் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் சத்தமில்லாமல் பார்த்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எல்லாம் ஒரு பல்லால் வெளியே வந்தது. சின்னவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, நான் வேலைக்குப் போயிருந்தபோது தனியாகப் பல் டாக்டரிடம் போயிருக்கிறாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, எனக்கு இந்த நோய் இருக்கிறது, உங்கள் சாமான்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் டாக்டர் எல்லோருக்கும் சுத்தம் செய்துதான் வைப்போம் என்று சொல்லிப் பல்லைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமாகவா மறுபடி மருந்து சாப்பிடாமல் இருக்கிறீர்கள், ஈரல் டாக்டரை இன்றைக்கே பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். ஈரல் டாக்டர் இவளைப் பார்த்ததும் முதலில் சிரித்திருக்கிறார். அஞ்சு வருஷம் முன்னாடியே குணமாயிடுச்சேம்மா, வீட்டுல சொல்லலையா என்று கேட்டிருக்கிறார். இவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தியிருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவளைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டதால் ஒரு நிமிஷம் யாரோ விருந்தாளி என்று நினைத்துவிட்டேன். கன்னம் வீங்கியிருந்தது. சத்தம் போடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்," என்றேன். கேட்டால் சொல்கிறவள்தான் நான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு குட்டியைக் கூப்பிட்டாள். குட்டி என்னைப் பார்த்தாள், நான் போ என்று சொன்னேன். போனாள். சின்னவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, முகம் முழுக்க முத்தம் கொடுத்தாள். குட்டி அசையாமல் நின்றாள். விட்டதும், பழக்கதோஷத்தில் நேராகப் போய்க் குழாயைத் திறந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டாள். சின்னவள் அப்போதுதான் அழுதாள். அந்த அழுகை எனக்குப் பிடிக்கவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அறைக்குள் போய்விட்டேன். மறுநாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். உங்களிடம் வந்தது அதற்குப் பிறகு.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குழந்தைக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிட்டீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் இரக்கப்படுகிறீர்கள்கூட. அது வேண்டாம். குட்டி எனக்குக் கிடைத்தது இடையில். ஆரம்பம் வேறு. இதைச் சின்னவளே உங்களிடம் சொல்லியிருக்க முடியாது, அவளுக்குத் தெரியாது.

குட்டி பிறந்த பிறகு அவள் ரொம்பச் சோர்ந்துபோயிருந்தாள். எனக்குக் கை மரத்துப்போகும் என்று அப்போது நானே வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குப்பியில் பல பேருக்குப் போடும் அளவு மருந்து இருக்கும். உனக்கும் போடுகிறேன் என்றேன், கையை நீட்டினாள். முதலில் எனக்குப் போட்டுக்கொள்வேன். பிறகு முனையில் இருக்கும் ஊசியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டி, அதே சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி அவளுக்குப் போடுவேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வரும் பெண்கள் இப்படிச் செய்தால் நான் சும்மா விடமாட்டேன். ஊசியை மாற்றினால் போதாது, முன்னால் போட்டவர் ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியிருக்கும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் வீடுதானே. ஒரே குடும்பம், எதற்கு வீணாக்குவது என்று நினைத்தேன்.

ரத்த வங்கியிலிருந்து அவளைக் கூப்பிட்ட அன்று, பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் போன பிறகு என் விரலைக் குத்திப் பட்டையில் வைத்தேன். இரண்டு கோடு. பல வருஷம் முன்னால் வேலையில் ஒரு நோயாளிக்குக் குத்திய ஊசி என் கையில் ஏறியிருந்தது. சொன்னால் ரத்தம் எடுக்கும் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று கழுவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். என் உடம்பிலிருந்து அவள் உடம்புக்குப் போயிருக்கிறது. டாக்டர் எப்படி வந்திருக்கும் என்று கேட்டபோது நான் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது அதனால்தான்.

இப்போது அந்தத் தட்டு ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லோரும் தட்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்வரை ஊசியைப் பற்றி யாரும் நினைக்கப் போவதில்லை. என் ரத்தத்தையும் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டிருந்தால் என் வேலை, பேர் எல்லாம் போயிருக்கும்.

வேறு ஊர் ஆஸ்பத்திரியில் காட்டி நானும் அதே மாத்திரையை வாங்கினேன். கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். காலையில் பின்னறையில் அவள் விழுங்குவாள், சமையலறைக்கு வந்து நான் விழுங்குவேன். அந்தப் பன்னிரண்டு வாரமும் வீட்டுக்கே நான்தான் சமைத்தேன், எல்லோர் தட்டிலும் பரிமாறினேன், குட்டிக்கு ஊட்டிவிட்டேன், அவளைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. அந்த நோய் தட்டில் பரவாது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. எனக்கும் குணமாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று ஒருவரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட முடியவில்லை. அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்த நோயைக் கொடுத்தது நான். குணமானதை மறைத்தது நான். அந்தக் குழந்தை பிறக்காமல் போனதும் என்னால்தான். நீங்கள் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை வருஷமும் அவள் புருஷன் வாசலோடு நின்றான், பெற்ற பெண் கை கழுவினாள், எதிர்வீட்டுக்காரி மூக்கை மூடினாள். அந்த அறைக்குள் பயப்படாமல் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தவள் நான் ஒருத்திதான். அதையாவது அவள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.